துடைப்பம் நம் கையில், நுண்ணோக்கி யார் கையில்?

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஒரு காலனியில் நாங்கள் மாலை நேரப் படிப்பகம் நடத்திவருகிறோம். அங்கே எங்களோடு பாய் விரித்து உட்கார்ந்து படித்த ஒரு தங்கை, அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தாள். அந்தக் காலனியின் முதல் மருத்துவர் அவள். முதுநிலை நீட் எழுதி, கலந்தாய்வில் விருப்ப வரிசை கொடுக்க வேண்டிய நாளுக்கு முன்பு எங்களைத் தேடி வந்தாள். "அண்ணா, நான் பேத்தாலஜி எடுக்கலாம்னு இருக்கேன். ஆராய்ச்சிப் பக்கம் போகணும்" என்றாள்.

அவளுடைய அப்பா ஒரு மருத்துவமனையில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. அம்மா தறி வீடுகளுக்குத் தார் சுற்றிக் கொடுத்துக் கூலி வாங்குபவர். மகளோடு வந்திருந்த அம்மா எங்களிடம் கேட்டார்: "நீங்களாவது சொல்லுங்க தம்பி. ரத்தம், மூத்திரம், பொணம், இதெல்லாம் தொடக் கூடாதுன்னுதான இவள படிக்க வெச்சோம்? டாக்டருக்குப் படிச்சிட்டு மறுபடியும் அதையே தொடுவேன்னா எப்டி?"

நாங்கள் அன்று அம்மாவின் பக்கம்தான் சாய்ந்தோம். "பொது மருத்துவமோ மகப்பேறோ எடும்மா. நம்ம ஜனங்களுக்கு நேரடியாப் பயன்படும்" என்றோம். அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். அந்தப் பதில் தவறு என்று புரிய எங்களுக்குச் சில நாட்கள் ஆயின. இட ஒதுக்கீட்டுக்காகத் தெருவில் நிற்கும் நாமே, எந்தப் படிப்பு நமக்கானது, எது நமக்குத் தேவையில்லாதது என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம். அந்தக் கோட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நோயியல் என்பது என்ன?

பேத்தாலஜி எனப்படும் நோயியல் துறை மருத்துவர்களை நோயாளிகள் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. ஆனால் ஒரு கட்டி புற்றுநோயா இல்லையா என்று இறுதியாகச் சொல்பவர்கள் அவர்கள்தான். உடலிலிருந்து எடுத்த சிறு சதைத் துண்டை ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனத்துக்குச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்து எழுதுகிறார்கள். அந்த ஒரு தாளை வைத்துத்தான் அறுவைச் சிகிச்சையா, கதிர்வீச்சா, மருந்தா என்று மற்றவர்கள் முடிவெடுக்கிறார்கள்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது அந்நியமான தொழில்நுட்பம் அல்ல. அந்தக் கண்ணாடித் துண்டுக்கு ஏற்றும் முதன்மைச் சாயமான ஹெமடாக்சிலின், ஒரு மரத்தின் கட்டையிலிருந்து எடுக்கப்படுவது. ஐரோப்பாவில் துணிக்குச் சாயமேற்ற அந்தக் கட்டையைப் பயன்படுத்தினார்கள். அதைத்தான் பிறகு ஆய்வகம் எடுத்துக்கொண்டது. நிறம் பிடிக்கப் படிகாரம் சேர்க்க வேண்டும் என்பது சாயப்பட்டறைக்காரருக்கும் தெரியும், ஆய்வக நுட்புநருக்கும் தெரியும். கையால் வேலை செய்கிறவர்களிடம் அறிவு இல்லை என்று சொன்னது சாதிதான்.

இந்தியாவில் நோயியலில் ஆய்வோடு கூடிய முதுநிலைப் பட்டம் என்றால் முதன்மையாக எம்.டி. பேத்தாலஜி. மூன்று ஆண்டுகள். ஆய்வேடு கொடுக்காமல் இறுதித் தேர்வு எழுத முடியாது. எம்.பி.பி.எஸ். படிக்காதவர்களுக்கு வேறு வழி உண்டு. மருத்துவ ஆய்வக நுட்பவியல், உயிர்மருத்துவ அறிவியல் போன்றவற்றில் எம்.எஸ்சி. முடித்து, நெட் தேர்வு வழியாக முனைவர் பட்டத்துக்குப் போகலாம். வெளிநாடுகளில் ஆய்வை மட்டுமே மையமாகக் கொண்ட முதுநிலைப் பட்டங்களும் இருக்கின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நோயியல் துறை தரும் எம்.ஃபில். அப்படிப்பட்ட ஒன்று.

தீட்டும் பட்டமும்

அம்மாவின் கேள்விக்குத் திரும்புவோம். ரத்தம், சிறுநீர், மலம், சளி, பிணம். சாதி எவற்றையெல்லாம் தீட்டு என்று சொன்னதோ, நோயியல் ஆராயும் பொருட்களும் கிட்டத்தட்ட அவைதான். இவற்றைத் தொடும் வேலையை நம் தலையில் கட்டியவர்கள், தொட்டதாலேயே நம்மைத் தீண்டத்தகாதவர்கள் என்றார்கள். பிறகு ஐரோப்பிய மருத்துவம் வந்தது. 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா மனித உடலை அறுத்துப் பார்த்ததை இன்றும் வரலாற்றுச் சாதனையாகக் கொண்டாடுகிறார்கள். கோட்டையில் பீரங்கி முழங்கியது என்றுகூடச் சொல்வார்கள். மேல்சாதிக்காரர் ஒருவர் பிணத்தைத் தொட்டது சாதனை. காலங்காலமாகத் தொட்டுத் தூக்கிப் புதைத்தவர்களுக்கு எந்தப் பீரங்கியும் முழங்கவில்லை.

இன்றும் ஒரு அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள். பிணவறையில் உடலைத் திறப்பதும் தைப்பதும் கழுவுவதும் பெரும்பாலும் யார்? வார்டில் ரத்தம் துடைப்பவர் யார்? மாதிரிப் புட்டிகளைச் சுமந்துபோய் ஆய்வகத்தில் வைப்பவர் யார்? அறிக்கையின் அடியில் இருக்கும் கையெழுத்து யாருடையது? இந்த நான்கு கேள்விகளையும் ஒரே கட்டடத்தில் நின்று கேட்டால் போதும், சமூகவியல் வகுப்பில் நாங்கள் இரண்டு ஆண்டுகள் படித்தது விளங்கிவிடும்.

அரசியல் அறிஞர் கோபால் குரு 2002-இல் எக்கனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி இதழில் எழுதிய கட்டுரையில், இந்தியச் சமூக அறிவியலுக்குள்ளேயே ஒரு வருணப் பிரிவு இருப்பதைச் சுட்டிக்காட்டினார். தரவு திரட்டுவது ஒரு கூட்டம், கோட்பாடு எழுதுவது வேறொரு கூட்டம் என்பது அவர் வாதம். மருத்துவ ஆய்வகத்துக்கும் அது பொருந்தும். மாதிரி எடுப்பவரும் சுமப்பவரும் நாம், ஆய்வுக்கட்டுரையில் பெயர் போடுபவர்கள் அவர்கள்.

ஆகவே, இந்தப் பொருட்களைத் தொடாமல் தப்பிப்பது மட்டுமே விடுதலை ஆகாது. விருப்பமின்றி, கையுறையின்றி, கூலிக்காகத் தொடவைக்கப்படுவது அடிமைத்தனம். அதே பொருளை, தன் விருப்பத்தில், பாதுகாப்போடு, அறிவதற்காகத் தொடுவது உரிமை. இந்த வேறுபாட்டை அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய நேரத்தில்தான் நாங்கள் தடுமாறினோம்.

தகுதி யாருக்காக இறங்கும்?

'எம்.பி.பி.எஸ். வரைக்கும் சரி, அதற்கு மேலும் கோட்டாவா?' என்ற கேள்வியை நம் மாணவர்கள் விடுதியிலும் உணவுக்கூடத்திலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நீதிமன்ற வாசலிலேயே ஒரு வேர் இருக்கிறது. மண்டல் வழக்கு என்று நாம் சொல்லும் 1992 இந்திரா சஹானி தீர்ப்பில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வின் பெரும்பான்மைத் தீர்ப்பு இட ஒதுக்கீட்டை ஏற்றது. அதே தீர்ப்பு, ஆராய்ச்சி நிறுவனங்களின் தொழில்நுட்பப் பதவிகள், பேராசிரியர் பதவிகள், மருத்துவத்தின் உயர் சிறப்புத் துறைகள் போன்றவற்றுக்கு ஒதுக்கீடு உகந்ததாக இருக்காது என்றும் கருத்துச் சொன்னது. அதாவது, படிக்க வரலாம், வேலைக்கும் வரலாம், ஆனால் அறிவை உருவாக்கும் இடத்துக்குள் வரும்போது மட்டும் யோசிக்க வேண்டும்! முப்பது ஆண்டுகள் கழித்து, 2022 ஜனவரியில், முதுநிலை மருத்துவ இடங்கள் தொடர்பான வழக்கில் நீதிபதி சந்திரசூட் அமர்வு, இட ஒதுக்கீடு தகுதிக்கு எதிரானது அல்ல என்று தெளிவாக எழுதியது. தீர்ப்பு மாறிவிட்டது, விடுதி அறையில் கேட்கப்படும் கேள்வி மட்டும் மாறவில்லை.

அந்தக் கேள்வி கேட்பவர்களிடம் 2023-ஐ நினைவூட்டுங்கள். முதுநிலை நீட் தேர்வில் பொதுப் பிரிவுக்கு 50 விழுக்காட்டு நிலையும், நமக்கு 40 விழுக்காட்டு நிலையும் தகுதி வரம்பு. 40 என்றதற்கே 'தகுதி செத்துவிட்டது' என்றார்கள். 2023 செப்டம்பரில், இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று சொல்லி, எல்லாப் பிரிவினருக்கும் வரம்பைப் பூஜ்ஜியமாக்கினார்கள். கல்லூரிகளின் இடம் நிரம்ப வேண்டும் என்றால் தகுதி பூஜ்ஜியம் வரை இறங்கும். சேரிப் பிள்ளை படிக்க வேண்டும் என்றால் பத்துப் புள்ளி இறங்குவதும் பாவம். இப்படிக் காலியாகக் கிடப்பவற்றில் பெரும் பகுதி, நோயாளியை நேரடியாகப் பார்க்காத துறைகளின் இடங்கள் என்பதையும் கவனியுங்கள். வசதி உள்ளவர்கள் தனியார் கிளினிக்குக்கு வருமானம் தராத துறை என்று ஒதுக்குகிறார்கள். நாம் தீட்டு வேலை என்று ஒதுக்குகிறோம். அவர்கள் ஒதுக்கினால் இழப்பில்லை. நாம் ஒதுக்கினால் ஒரு துறையே நம்மை அறியாமல் போகிறது.

நம் சாவை யார் படிக்கிறார்கள்?

'ஸ்லைடுக்குச் சாதி தெரியுமா?' என்று கேட்பார்கள். தெரியாது. தலித் மருத்துவர் பார்த்தாலும் ஆதிக்கச் சாதி மருத்துவர் பார்த்தாலும் புற்றுநோய்ச் செல் புற்றுநோய்ச் செல்தான். ஆனால் எந்தச் சாவுக்கு ஸ்லைடு எடுக்க வேண்டும், எந்த நோயை ஆய்வேட்டுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். அங்கேதான் சாதி இருக்கிறது.

2013 ஜூலையில் தருமபுரியில் இளவரசன் இறந்தபோது, உடற்கூறாய்வைச் சுற்றி எழுந்த சந்தேகங்களால், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி எய்ம்ஸ் மருத்துவர்களை வரவழைத்து மறு ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. 2016 செப்டம்பரில் புழல் சிறையில் ராம்குமார் இறந்தார். சுவாதி கொலை வழக்கில் கைது செய்யப்பட்டிருந்த அவருடைய குற்றம் எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை. அவர் மின்கம்பியைக் கடித்து இறந்தார் என்றது சிறைத்துறை. திசுக்களை ஆராய்ந்த நோயியல் மருத்துவர்களின் அறிக்கையில், மின்சாரம் பாய்ந்ததற்கான மாற்றங்கள் காணப்படவில்லை என்று 2021-இல் செய்திகள் வெளியாயின. 2022-இல் மாநில மனித உரிமை ஆணையம் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடும் சுதந்திரமான விசாரணையும் பரிந்துரைத்தது. நாம் தெருவில் எழுப்பிய கேள்வியை, ஒரு சிறு கண்ணாடித் துண்டும் எழுப்பியது.

ஒவ்வொரு சாதிக் கொலையிலும் 'எங்கள் தரப்பு மருத்துவர் உடனிருக்க வேண்டும்' என்று பிணவறை வாசலில் நின்று கோருகிறோம். அந்த மருத்துவர் எங்கிருந்து வருவார்? பத்து ஆண்டுகளுக்கு முன்பே அவரை முதுநிலைக்கு அனுப்பியிருந்தால்தானே வருவார்?

சாவு மட்டுமல்ல. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. புற்றுநோயால் 1969 பிப்ரவரியில் இறந்த அண்ணாவின் பெயரை, அவர் பிறந்த ஊரிலேயே தாங்கி நிற்கிறது. வட மாவட்டங்களின் ஏழைகள் முற்றிய நிலையில் அங்கே வந்து சேர்வதை, அவர்களோடு வரிசையில் நின்று பார்த்திருக்கிறோம். சாயத் தொட்டியில் கை வைத்தவர்களின் தோலுக்கும் நுரையீரலுக்கும் என்ன ஆகிறது? கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி உயிர் தப்பியவரின் உடலில் பத்தாண்டு கழித்து என்ன மிச்சமிருக்கிறது? முன்பணத்துக்காகத் தறிக்குழியில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் அறிக்கை வெளியிட்டது, அதில் காஞ்சிபுரமும் இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு இன்று முப்பது வயதுக்கு மேல். அவர்கள் உடலை யார் ஆராய்வார்கள்? இந்தக் கேள்விகள் ஆய்வேட்டுத் தலைப்பாக வேண்டுமானால், அவற்றை வீட்டில் பார்த்து வளர்ந்த ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும்.

உள்ளே போன பிறகு

முதுநிலை மருத்துவத்தில் நம் பிள்ளைகளுக்கு நடந்தவற்றை மறைத்துவிட்டு அழைப்பு விடுப்பது நேர்மையாகாது. டெல்லி எய்ம்ஸில் நடக்கும் பாகுபாடுகளை ஆராய 2006-இல் அமைக்கப்பட்ட தோராட் குழு, விடுதியில் ஒதுக்கிவைப்பதையும் மதிப்பீட்டில் ஓரவஞ்சனையையும் பதிவு செய்தது. 2019 மே மாதம் மும்பையில் ஆதிவாசிச் சமூகத்தைச் சேர்ந்த முதுநிலை மருத்துவ மாணவி பாயல் தட்வியை இழந்தோம். சாதியைச் சொல்லி மூத்த மாணவிகள் இழிவுபடுத்தினார்கள் என்பது குடும்பத்தின் குற்றச்சாட்டு, வழக்கு நடக்கிறது.

முதுநிலையில் எல்லாம் ஒரு நெறியாளரின் கையில் இருக்கிறது. தலைப்பு, மாதிரிகள், கையெழுத்து, பரிந்துரைக் கடிதம் எல்லாமே. எங்களில் சிலரும் முதுநிலையில் 'உங்க ஆளுங்களப் பத்தியே ஒரு சர்வே பண்ணிடேன்' என்று சொல்லக் கேட்டவர்கள்தான். ஆகவே போகிறவர்கள் தனியாகப் போக வேண்டாம். சேர்ந்த முதல் வாரத்திலேயே எஸ்.சி., எஸ்.டி. பிரிவு அலுவலர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். யு.ஜி.சி.யின் 2012 சமத்துவ விதிமுறைகளைப் படித்து வையுங்கள். நடப்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள். மனம் கனத்தால் அன்றே யாரையாவது அழையுங்கள். படிப்பை ஓர் ஆண்டு தள்ளிப்போடலாம், உயிரைத் தள்ளிப்போட முடியாது.

பணம் அடுத்த தடை. அண்ணல் அம்பேத்கர் பெற்றவையும் ஆய்வு முதுநிலைப் பட்டங்கள்தான். 1915-இல் கொலம்பியாவில் எம்.ஏ., 1921-இல் லண்டனில் எம்.எஸ்சி. இடையில் 1917-இல் பரோடா உதவித்தொகைக் காலம் முடிந்ததால் லண்டன் படிப்பை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. நூறாண்டு கழித்தும் கதை அதேதான். ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள், அதில் பட்டியல் சாதியினருக்கு 115. 2025-இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்து, மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்ப்போம் என்றார்கள். பல்கலைக்கழகம் காத்திருக்காது, விசா காத்திருக்காது. நிதி இல்லை என்று சொல்வதும் வாசலை மூடுவதுதான்.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று, 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அந்தப் பட்டியலில் காஞ்சிபுரம் மாவட்டம் இல்லை. 2019-இல் மாவட்டம் பிரிந்தபோது பழைய அரசுக் கல்லூரி செங்கல்பட்டோடு போய்விட்டது. காஞ்சிபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வேண்டும், அதில் நோயியல் முதுநிலை இடங்கள் வேண்டும்.

இரண்டு, கல்வி உதவித்தொகையும் ஆய்வு உதவித்தொகையும் மாதா மாதம், குறித்த தேதியில் வர வேண்டும். தாமதத்துக்கு அதிகாரி பொறுப்பேற்க வேண்டும்.

மூன்று, முதுநிலையில் நெறியாளர் ஒதுக்கீடும் மதிப்பெண்ணும் வெளிப்படையாக இருக்க வேண்டும். துறைவாரியாக எத்தனை பட்டியலின, பழங்குடியின மாணவர்கள், எத்தனை ஆசிரியர்கள் என்று ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

நான்கு, இது நமக்கு நாமே வைக்கும் கோரிக்கை. நம் படிப்பகங்களில் காவலர் தேர்வு, குரூப் 4, ஆசிரியர் தேர்வு பற்றி மட்டுமே பேசுகிறோம். நுண்ணோக்கியும் ஆய்வேடும் நெட் தேர்வும் அங்கே பேசப்பட வேண்டும். ஒரு பழைய நுண்ணோக்கி வாங்கி வைக்கவாவது வசூல் செய்வோம்.

பல்லவர் காலத்துக் காஞ்சியில் கடிகை என்ற உயர்கல்விக் கூடம் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. பார்ப்பனர்கள் வேதம் படித்த இடம் அது. சேரிக்கு அங்கே வாசல் இல்லை. இன்றைய கடிகைகள் ஆய்வகங்கள். வாசலுக்குச் சட்டம் இருக்கிறது. தாண்டிப் போகும் துணிவையும், போனவரைத் தாங்கும் அமைப்பையும் நாம்தான் உருவாக்க வேண்டும்.

அந்தத் தங்கை எங்கள் அறிவுரையைக் கேட்கவில்லை. பேத்தாலஜியையே முதலில் வைத்தாள், இடமும் கிடைத்தது. சேரப் போகும் முன்பு அவள் வீட்டுக்குப் போய், அன்று சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டோம். கையுறை, பாதுகாப்பு, கையெழுத்து என்று அம்மாவுக்கு விளக்க முயன்றோம். அவர் முழுதாக ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. அப்பாதான் பேசினார்: "இருபது வருசமா அந்த ரூம் வாசல வரைக்கும் டப்பாவ எடுத்துனு போய் வெச்சிருக்கேன். உள்ள என்னா பண்றாங்கன்னு ஒரு நாளும் பாத்ததில்ல. அவ பாத்துட்டு வந்து சொல்லட்டும்."

ஜெய் பீம்.